மருமகன் வராத துறை

கடிதம்:

வணக்கம். எங்கள் ஊர் மட்டக்களப்பிலுள்ள பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வள்ளங்கள் இறங்கும் துறையில் இப்போது ஐம்பது வயதுக்குக் குறைந்த ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொடியன்மார் கட்டார், சவுதி என்று போய்விட்டார்கள். கடலென்றால் அவர்களுக்குப் பயம், உடம்பும் வளையாது. மானியத்தில் படகும் எஞ்சினும் கொடுத்தால் கொஞ்சப் பேராவது திரும்ப மாட்டார்களா? ஆளில்லையே என்று கரையில் நின்று இழுக்கும் கரைவலையை உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி) பூட்டி இழுத்தால் அதையும் எதிர்க்கிறார்கள். வேறு என்னதான் வழி?

க., பெரியகல்லாறு

பதில்:

அன்புள்ள க. அவர்களுக்கு,

பயம் என்று சொல்லாதீர்கள். வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போய்க் கிழமைக்கணக்கில் கரை காணாமல் கிடப்பவர்களில் இளவட்டங்களும் இருக்கிறார்கள். பொடியன் வெளிக்கிட்டுப் போவதற்குக் காரணம் கடலில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். இரண்டு தங்கச்சிமார் இருந்தால் இரண்டு வீடு. கடல் காசு நாட்காசு. இன்றைக்கு ஆறாயிரம், நாளைக்கு வெறுங்கை, வாடைக் காலத்தில், அதாவது வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், மாதக்கணக்கில் கடன். அதை வைத்து அரிசி வாங்கலாம், சீமெந்து வாங்கி வீடு கட்டுவது கஷ்டம். கட்டார்க் காசு மாதக்காசு, அதைக் கணக்குப் போட்டு அத்திவாரம் வெட்டலாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, நாட்காசிலும் கையில் நிற்பது குறைந்தது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டோடு போகிறவன். அதனால் நம் துறைகளில் வயதாளியின் இடத்தை நிரப்புவது பெரும்பாலும் அவருடைய மகனில்லை, வந்து சேர்கிற மருமகன். மகன் வெளிநாடு போனதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வரவேண்டிய மருமகனும் அங்கேயே நிற்கிறான் என்பதைக் கணக்கில் எடுப்பவர் குறைவு.

இனிப் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குப் படகுகள் அள்ளிக் கொடுக்கப்பட்டன. படகில்லாமல் துறை ஓய்ந்ததாக எனக்குத் தெரியவில்லை, கையில்லாமல்தான் ஓய்கிறது. கல்லாறு போன்ற திறந்த கரையில் வள்ளத்தைக் கட்டிவைக்க இடமில்லை. ஒவ்வொரு நாளும் மணலில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். 25 குதிரைவலு எஞ்சின் மட்டும் ஏறத்தாழ 50 கிலோ. இறக்கும்போது ஒருவர் வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தை அலைக்கு நேரே பிடித்து நிற்க வேண்டும். ஆழம் கண்டதும் மற்றவர் எஞ்சினைத் தாழ்த்தி, கயிறு இழுத்து இயக்க வேண்டும். இரண்டாவது அலைக்குள் எஞ்சின் பிடிக்காவிட்டால் வள்ளம் பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். திரும்பி வந்தால் உருளைக்கட்டை போட்டு ஏற்ற ஐந்தாறு பேராவது வேண்டும். அந்த ஐந்தாறு பேர் பக்கத்து வள்ளத்துக்காரர்கள். துறையில் பத்து வள்ளம் நாலாகக் குறைந்தால், போக விருப்பமுள்ள அந்த நாலும் போக முடியாமல் நிற்கும். பிறகு அந்த வயதாளிகள் வீச்சுவலையைத் தூக்கிக்கொண்டு வாவிக்குத் திரும்புகிறார்கள். இறாலுக்கும் நண்டுக்கும் அங்கே ஏற்கனவே நெரிசல்.

உழவு இயந்திர விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரைவலையில் இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணும், அடிக்கயிறு நிலத்தை விட்டு எழும்பும், மீன் கீழால் போய்விடும். கையால் இழுப்பவர்கள் இழுவையை நடத்தும் தண்டையலின் குரலுக்கு நின்று, தளர்த்தி, மறுபடி இழுப்பார்கள். வின்ச்சுக்கு அந்தக் காது கிடையாது. இழுவை கூடக் கூடக் கண்ணிகள் நீண்டு மூடும், நெத்தலிக் குஞ்சும் கீரிமீன் குஞ்சும் வலையின் கடைசிப் பையான மடிக்குள் போகும், அடிக்கயிறு நிலத்தையும் உழும். அதைவிடப் பெரிய விஷயம், அறுபது வயதுக்காரருக்குக் கடலில் மிஞ்சியிருக்கும் ஒரே வேலை கயிற்றின் வால் பிடிப்பதுதான். அந்தப் பங்கும் இயந்திரம் வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும்.

வின்ச் வேண்டுமென்றால் வலைக்கு வேண்டாம், வள்ளம் ஏற்ற வையுங்கள். ஒரு தொன் இழுக்கும் கைவின்ச் போதும், துறைக்கு ஒன்று. தென்னங்குற்றியை ஒரு மீற்றர் ஆழத்தில் கரைக்குச் சமாந்தரமாகக் கிடையாகப் புதைத்து அதிலே வின்ச்சைக் கட்ட வேண்டும். நட்ட தூண் ஈர மணலில் சாய்ந்துவிடும். கயிற்றை அணியத்து வளையத்தில் மட்டும் கொளுவினால் பைபர் கிழியும், உடம்பைச் சுற்றி ஒரு கயிறு போட்டு அதிலே கொளுவுங்கள். உருளைக்கட்டை இல்லாமல் இழுத்தால் வள்ளத்தின் அடியிலுள்ள ஏராவின் பைபரை மணல் தேய்த்துத் தும்பு வெளியே வரும். அந்த இடத்தால் நீர் ஊறி வள்ளம் பாரமாகும், பிறகு அதை ஏற்ற இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

பொடியன்மாரைப் பற்றி ஒன்று சொல்கிறேன், முதலாளிமாருக்குப் பிடிக்காது. வாடையில் முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் வழக்கம் இருக்கும்வரை இளையவன் கயிறு தொடமாட்டான். பழகுகிறவனுக்கு அரைப்பங்கு என்றாலும் சரி, அன்றைய இழுவைக் காசை அன்றே, எழுத்தில் கணக்குக் காட்டிக் கொடுங்கள். கட்டாரிலிருந்து ஒப்பந்தம் முடிந்து வருகிறவன் சம்பளச் சீட்டுப் பார்த்துப் பழகியவன்.

வயதாளிகளுக்கு, 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி மீனவர் ஓய்வூதியத் திட்டம் உண்டு. 60 வயதுக்கு முன் சேர வேண்டும். உங்கள் துறையில் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் யாரார் என்று சங்கத்தில் ஒரு பட்டியல் எடுத்து, கடற்றொழில் பரிசோதகரிடம் இந்த மாதமே கொண்டுபோய்க் காட்டுங்கள். வின்ச்சை ஐப்பசிக்கு முன் கழற்றி வாடிக்குள் (கரையிலுள்ள கொட்டிலுக்குள்) வைத்துவிடுங்கள், வாடை அலை கரையை வெட்டும்போது குற்றியோடு சேர்த்து அதையும் கொண்டுபோகும்.