ஒற்று மிகும் இடம்

கேள்வி: செல்போனில் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவரைவிட அவருக்குப் பின்னால் பேசுகிறவர்களின் குரல்தான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. இப்படி ஒட்டு கேட்பது தவறா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தவறுதான். 'ஒட்டுக் கேட்பது' என்று க் போட்டு எழுத வேண்டும். ஒற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 'ஒற்றுக்கு ஒரு பத்தி தண்டமா?' என்று கேட்டு நாலு பேர் சந்தாவை நிறுத்தியதும் தெரியும். போகட்டும்.

ஒற்று என்றால் இலக்கணத்தில் மெய்யெழுத்து, வள்ளுவருக்கு வேவுகாரன். துறவி வேஷத்தில் அனுப்பு, ஒருவன் கொண்டுவந்ததை இன்னொருவனை விட்டுச் சரிபார், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்று மன்னருக்குப் பத்துக் குறளில் பெரிய வேலைத்திட்டமே கொடுத்திருக்கிறார். இன்று அவ்வளவு செலவு வேண்டாம். ஒரு போன் போட்டால் போதும்.

நம் தொடர்கதை எழுத்தாளர் ஒருவருக்கு, அத்தியாயம் வரவேண்டிய நாளில் தவறாமல் காய்ச்சல் வரும். போன மாதமும் வந்தது. "எழுந்திருக்கவே முடியலை சார்" என்று முனகினார். பின்னால் குக்கர் விசில். அது அடங்கியதும் அவர் மனைவி: "யாரு, அந்தப் பத்திரிகைக்காரரா? ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டு நீங்களே எடுத்துப் பேசறீங்க?" இவர் இருமினார். நீளமான இருமல். அதன் நடுவே அந்த அம்மா, "அப்பளம் ரெண்டு பொரிக்கவா, மூணா?" என்றார். "மூணு" என்றார் இவர், என்னிடம். இவர் கையெழுத்துப் பிரதியில் ஒற்றே இருக்காது. வீட்டில் மட்டும் எனக்காக ஓர் ஒற்று வைத்திருக்கிறார், சம்பளம்கூட நான் தர வேண்டாம்.

சரி, ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? பல போன்களில் மேல்பக்கம் இன்னொரு குட்டி மைக் உண்டு. சுற்றுப்புறச் சத்தத்தைக் கழிப்பது அதன் வேலை. மின்விசிறி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீரான இரைச்சல் சுலபமாகக் கழிந்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் பேச்சுதானே! எது காய்ச்சல், எது அப்பளம் என்று அந்த மைக்குக்கு எப்படித் தெரியும்? அப்புறம், பழைய தொலைபேசியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போகும். 'ஸ' போன்ற மெய்களின் உரசல் பெரும்பாலும் அதற்கு மேலே. அதனால் தள்ளி நிற்பவர் பேச்சு வெறும் முணுமுணுப்பாக வந்து சேரும். 2016-க்குப் பிறகு 4ஜி வழியாகவே குரல் போவது இங்கே பரவலானது. அதில் 7000 ஹெர்ட்ஸ் வரை வருகிறது. முன்பு ஒற்றுகளை முழுங்கிய தொலைபேசி, இப்போது ஒழுங்காகப் போட்டு அனுப்புகிறது. என் உதவி ஆசிரியர்களுக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை.

ஆகவே அம்மா, நீங்கள் யார் சுவரிலும் காதை ஒட்டவில்லை. அவர்களாக வந்து உங்கள் காதில் ஒட்டுகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். திரும்பிப் பதில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன்: "மூணு வேண்டாம், காய்ச்சலுக்கு எண்ணெய் ஆகாது."

மறுநாளே அத்தியாயம் வந்துவிட்டது. 'கதாநாயகனுக்குக் காய்ச்சல்' என்று ஆரம்பம். நடுவில் உள்ள க் நான் போட்டது.