லிங்கன் நகரில் தோற்ற ஆயர்கள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

சட்டங்களைப் பற்றி ஆயர்கள் கருத்துச் சொல்வது மக்களாட்சிக்கு விரோதமானதல்ல என்று எழுதியிருந்தீர்கள். நான் கத்தோலிக்கன். தேர்தலுக்கு முன்பு எங்கள் பங்கு ஆலயத்தில் ஆயரின் சுற்றறிக்கை வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத் தலைநகரங்களிலேயே ஆயர்கள் அலுவலகம் வைத்து மசோதாக்களுக்காக வாதாடுகிறார்கள் என்று அறிகிறேன். பீடத்தில் நிற்க வேண்டியவர்களுக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை? பதவியில் இருக்கும் கத்தோலிக்கர் ஆயரின் சொல்லை மீறினால் அவர் விசுவாசம் குறைந்தவரா?

ஆ.

அன்புள்ள ஆ. அவர்களுக்கு,

உங்கள் கூச்சம் நியாயமானது. பொதுவாகப் பேசினால் நாம் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்போம் என்பதால், நான் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் நெப்ராஸ்கா மாநிலத்தை முன்வைத்தே பதில் சொல்கிறேன்.

அங்கே ஒமாஹா, தலைநகரான லிங்கன், கிராண்ட் ஐலண்ட் என மூன்று மறைமாவட்டங்கள், அதாவது ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பகுதிகள், உள்ளன. அவற்றின் ஆயர்கள் சேர்ந்து நடத்துவதுதான் நெப்ராஸ்கா கத்தோலிக்கப் பேரவை. மசோதாக்களை வாசித்து, உறுப்பினர்களைச் சந்தித்து, குழுக்களின் முன் பேசும் அன்றாட வேலையைக் குருக்கள் அல்லாத பொதுநிலையினரே செய்கிறார்கள். அந்த மாநிலச் சட்டமன்றம் 49 உறுப்பினர்கள் கொண்ட ஒரே அவை. தாக்கலாகும் மசோதா ஒவ்வொன்றின் மீதும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது அதன் விதி. பேச வருபவர் விவசாயியோ, திருச்சபையின் பிரதிநிதியோ, யாராயினும் குழுவின் முன்னால் அமர்ந்து, தன் பெயரைச் சொல்லி, பதிவுக்காக அதை எழுத்தெழுத்தாகவும் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். மறைமாவட்டத்தின் சார்பில் வந்தவருக்கும் அதே நாற்காலிதான். பூட்டிய அறையில் அமைச்சரிடம் காதோடு காதாகப் பேசுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

2015ஆம் ஆண்டு மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா அந்த அவைக்கு வந்தது. கொண்டுவந்தவர் எர்னி சேம்பர்ஸ், ஒமாஹாவின் கறுப்பின மக்களுடைய பிரதிநிதி. பல பத்தாண்டுகளாக அதே கோரிக்கையை விடாமல் எழுப்பியவர். சட்டமன்றக் கூட்டம் ஜெபத்தோடு தொடங்குவதையும், ஜெபிக்கும் போதகருக்கு அரசுப் பணத்தில் சம்பளம் தருவதையும் எதிர்த்து வழக்குப் போட்டு, 1983இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றவரும் அவரே. அப்படிப்பட்டவரின் மசோதாவை ஆயர்கள் ஆதரித்தார்கள். மே 20 அன்று 32க்கு 15 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் 26ஆம் தேதி அதை நிராகரித்தார். மறுநாள் 30க்கு 19 என்ற வாக்கில் அவருடைய நிராகரிப்பை அவை செல்லாததாக்கியது. தேவைப்பட்டதும் சரியாக 30 வாக்குகள்தான்.

அந்த ஆளுநர் கத்தோலிக்கர். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். தண்டனையை மீட்பதற்காகத் தொடங்கப்பட்ட கையெழுத்து இயக்கத்துக்கு அவர் தன் சொந்தப் பணத்தையே கொடுத்தார். பிரச்சினை பொதுவாக்கெடுப்புக்குப் போய், 2016 நவம்பரில் சுமார் 61 சதவீதத்தினர் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்ட் 2 அன்று, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூலைத் திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தியிருப்பதாக வத்திக்கான் அறிவித்தது. பன்னிரண்டே நாட்களில், ஆகஸ்ட் 14 அன்று, 1979இல் இரண்டு டாக்சி ஓட்டுநர்களைக் கொன்ற ஒருவருக்கு லிங்கன் சிறையில் நஞ்சூசி போடப்பட்டது. 1997க்குப் பிறகு அந்த மாநிலத்தில் நிறைவேறிய முதல் மரண தண்டனை அது. ஆயர்கள் வேண்டாம் என்று கேட்டும் ஆளுநர் நிறுத்தவில்லை. அது மக்களின் விருப்பம், மாநிலத்தின் சட்டம் என்றார்.

அவருடைய விசுவாசத்தை அளக்க எனக்கு உரிமையில்லை. 2015இல் திருச்சபையின் போதனையே இந்தத் தண்டனையை முற்றாக விலக்கியிருக்கவில்லை. அது அவசியமாகும் சூழல் மிக அரிது, நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம் என்பதுதான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதியது. அந்தச் சிறு இடைவெளியில் ஒரு கத்தோலிக்கர் மாறுபட்டு நிற்க முடிந்தது. 2018க்குப் பிறகு அந்த இடைவெளி இல்லை. பெரும்பான்மை கேட்கிறது என்பது அரசியல்வாதிக்குப் போதுமான பதிலாக இருக்கலாம். கத்தோலிக்கருக்குப் போதாது என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லும் கடமை ஆயருக்கு உண்டு, மறுக்கும் சுதந்திரம் ஆளுநருக்கும் உண்டு. மக்களாட்சியில் இதற்கு மேல் இருவருக்கும் கொடுக்க ஒன்றுமில்லை.

இனி உங்கள் கூச்சத்தின் பக்கம் வருகிறேன். அதே பேரவை, தனியார் பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பணத்தில் உதவித்தொகை தரும் சட்டத்துக்காகவும் வாதாடியது. அந்தத் தனியார் பள்ளிகளில் கத்தோலிக்கப் பள்ளிகளும் அடக்கம். 2024 நவம்பரில் வாக்காளர்கள் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஏழைப் பெற்றோருக்குப் பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் வசதி வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் 2016இன் தோல்வி எனக்கு வலித்தது, 2024இன் தோல்வி வலிக்கவில்லை. மரண தண்டனைக் கைதிக்காகப் பேசியபோது திருச்சபைக்கு ஒரு ரூபாய் லாபமில்லை. தன் மக்களிலேயே பலருடைய கோபம்தான் மிச்சம். பள்ளி விஷயத்தில் கேட்பவரும் பெறுபவரும் ஏறக்குறைய ஒருவரே. கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால், இதில் எங்களுக்கும் பயன் உண்டு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

உங்கள் பங்கில் வாசிக்கப்பட்ட சுற்றறிக்கை எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நகல் இருந்தால் அனுப்புங்கள். அதில் யாருக்காகக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.