அப்பா பணம் கட்டாவிட்டால் பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா?

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் முன்பு குடும்பநல கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். சேலத்தில் எனக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. பையனுக்கு 8 வயது, என்னோடுதான் இருக்கிறான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் இரண்டு மணி நேரம் அவன் அப்பா பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. ஜீவனாம்சம் 7 மாதமாக வரவில்லை. ஸ்கூல் ஃபீஸை நகையை அடகு வைத்துக் கட்டினேன். ஆனால் சனிக்கிழமை மட்டும் மனிதர் டாணென்று வந்துவிடுகிறார். பையன் இப்போதெல்லாம் போக மாட்டேன் என்று காலையிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறான். காசு கொடுக்காதவனுக்குப் பிள்ளையை எதற்குக் காட்ட வேண்டும் என்கிறார் அம்மா. அடி, குடி எதுவும் அவரிடம் கிடையாது, பொறுப்புதான் கிடையாது. நிறுத்திவிடலாமா? பையனை ஜட்ஜிடம் பேச வைக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நகையை வைத்து ஃபீஸ் கட்டியவரிடம் 'விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. 7 மாதம் கட்டாமல் இருப்பது உங்களுக்கும் பையனுக்கும் செய்கிற அநியாயம். அதை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது, அதைப் பிடியுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144, இதன் கீழ் உத்தரவு வாங்கியிருந்தால் பாக்கிக்கு மனுப் போடலாம், கோர்ட் வாரண்ட் பிறப்பிக்கலாம், அப்படியும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆனால் பணம் கொடுத்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். நீங்கள் இப்படியே இன்னும் 5 மாதம் பொறுத்துப்போனால் முதல் மாதத்துப் பணம் இந்த வழியில் கையை விட்டுப் போகத் தொடங்கும். விவாகரத்து வழக்கிலேயே வாங்கிய உத்தரவு என்றால், அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவைப் போட வேண்டும். 'வேலை இல்லை, வருமானம் இல்லை' என்று அவர் வாயால் சொல்லித் தப்பவும் முடியாது. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவருடையது தாக்கலாகியிருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள்.

இனி சந்திப்பு. பணத்தையும் இதையும் கோர்ட் முடிச்சுப் போடாது, நீங்களும் போடாதீர்கள். மைனர் பிள்ளை விஷயத்தில் கோர்ட் இன்றைக்கும் முக்கியமாகக் கையில் எடுப்பது 1890-ம் வருடக் காப்பாளர் சட்டத்தையும் 1956-ம் வருட இந்து மைனர், காப்பாளர் சட்டத்தையும்தான். சந்திப்புக்கென்று விரிவான விதிகள் அவற்றில் கிடையாது, அப்படி ஓர் அத்தியாயமே சேர்க்கச் சொல்லி 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தும் அது சட்டமாகவில்லை. எனவே பிள்ளையின் நலன் என்ற ஒன்றை வைத்துத்தான் நீதிபதி நாளும் நேரமும் குறிக்கிறார். பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமை இல்லை என்று ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொன்னது, அதுவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் பையனுக்குச் சேர வேண்டியது. அவன் அப்பா நல்லவராக நடந்துகொண்டதற்குக் கிடைத்த பரிசு என்று அதைப் பார்த்தால், அவர் தப்புச் செய்யும்போதெல்லாம் பறிக்கத்தான் தோன்றும்.

நடைமுறையாகவும் யோசியுங்கள். அடுத்த வாய்தாவில் 7 மாதம் ஏன் கட்டவில்லை என்ற கேள்விக்கு அவர்தான் முழிக்க வேண்டும். நீங்கள் ஒரு சனிக்கிழமை கூட்டிப் போகாமல் இருந்தால் போதும், அவர் வக்கீல் பாக்கிப் பேச்சை ஓரம் தள்ளிவிட்டு, உத்தரவை மீறினார் என்று உங்களை நிறுத்திவிடுவார். இதுவே பல தடவை நடந்தால் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வியையே திரும்பக் கிளப்புவார்கள்.

பையனின் அழுகைக்கு வருகிறேன். கோர்ட்டில் பிள்ளைகளைச் சந்திக்க விடும் அறையை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவரில் யானையும் முயலும் வரைந்திருப்பார்கள், கீழே சக்கரம் போன இரண்டு கார், மூலையில் ரெஜிஸ்டரோடு ஒரு ஊழியர், பக்கத்து பெஞ்சில் வேறு யாரோ ஒரு அம்மாவும் மகளும். ஒரு தடவை ஒரு அப்பா புது ஷூ வாங்கி வந்து மகனுக்குப் போட்டுவிட்டார். பழைய அளவு. குதிகால் உள்ளே போகவே இல்லை. அந்தப் பையன் விரலை மடக்கிக்கொண்டு 'சரியா இருக்குப்பா' என்றான், வெளியே வந்ததும் அம்மாவிடம் 'எனக்கு இந்த ஷூ பிடிக்கவே இல்ல' என்றான். இரண்டு பேரையும் நோகடிக்கக் கூடாது என்று அந்த வயதில் அவ்வளவு கணக்குப் போடுகிறது பிள்ளை.

உங்கள் மகன் அழுவதற்கு அப்பா மேல் வெறுப்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வக்கீலும் போலீஸும் நடமாடுகிற இடம் பிடிக்காமல் இருக்கலாம், சனிக்கிழமை கிரிக்கெட் போகிறதே என்று இருக்கலாம். சந்தோஷமாகப் போனால் அம்மாவும் பாட்டியும் வருத்தப்படுவார்களோ என்று இருக்கலாம், இதுதான் அதிகம் நடப்பது. திரும்பி வரும் பஸ்ஸில் 'அப்பா என்ன கேட்டார், பாட்டி பத்தி ஏதாவது சொன்னாரா' என்று விசாரிக்கிறீர்களா? விசாரித்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சாப்பிட என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். காசு பேச்சை அவன் காதில் விழாமல் பேசச் சொல்லி அம்மாவிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உத்தரவை மாற்றக் கேட்டு நீங்களே மனுப் போடலாம், அப்பாதான் போட வேண்டும் என்றில்லை. கோர்ட் வளாகத்துக்குப் பதில் ஒரு பூங்கா, நேரத்தில் மாற்றம், நடு வாரத்தில் ஒரு வீடியோ கால் என்று கேளுங்கள். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே நேரில் பார்ப்பதோடு போன், வீடியோ கால் வழியாகவும் பிள்ளை தொடர்பில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அடி, குடி கிடையாது என்று நீங்கள் எழுதியதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஆபத்து இருக்கிற வீடு என்றால் என் பதில் வேறு: ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சந்திப்பை நிறுத்திவைக்கவோ, ஆள் மேற்பார்வையில் மட்டும் நடத்தவோ கோர்ட்டைக் கேட்க வேண்டும். அப்புறம், இதைப் படிக்கிற அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் இதே தப்புதான். அரிசியும் ஃபீஸும் உங்கள் கோபம் தணியும் வரை காத்திருக்காது.

கடைசிக் கேள்வி. தன் விருப்பத்தைப் புரிந்து சொல்லக்கூடிய வயது வந்த பிள்ளை என்றால் அதைக் கோர்ட் கணக்கில் எடுக்கலாம் என்று 1890 சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. 8 வயதுப் பிள்ளைகளைப் பல நீதிபதிகள் சேம்பரில் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவது உண்டு. ஆனால் அவனைக் கேட்பதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும், அவனை வைத்து வழக்கை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கூப்பிட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளையை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள், அதைவிட, உள்ளே அப்படிப் பேசிவிட்டு வெளியே வந்து அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியவன் அவன்தான்.

பாக்கிக்கான மனுவை இந்த வாரமே போடுங்கள். சனிக்கிழமை அவனைக் கூட்டிப் போங்கள். வாய்தா முடிந்ததும் என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா