படகு, ஹீட்டர், பல்பு: ஓம் கணக்குக் கேள்வி பதில்

பாம்பன் முதல் தொண்டி வரையிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஐ.டி.ஐ. மின் பிரிவுப் பயிற்றுநர் ஒருவர் அளித்த பதில்கள்.

பாம்பன்: ஐயா, எங்கள் விசைப்படகில் 12 வோல்ட் பேட்டரி. கம்பத்தின் உச்சியில் 96 வாட் ஹாலஜன் விளக்கு மங்கலாகவே எரிகிறது. விளக்கையும் பேட்டரியையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

ஒயரை மாற்றினீர்களா தம்பி? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 96-ஐ 12-ஆல் வகுக்க 8 ஆம்பியர் வருகிறது. வீட்டு 230 வோல்ட்டில் இதே விளக்குக்கு அரை ஆம்பியர்கூட ஓடாது. வீட்டு ஒயரைப் படகுக்கு இழுத்தால் வரும் வினை இதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.012 ஓம். விளக்கு 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக 10, வர 10. திரும்பி வரும் ஒயரைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆக 0.24 ஓம். அதை 8 ஆம்பியரால் பெருக்கினால் 1.92 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. விளக்குக்கு எட்டுவது பத்துதான். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, ஓமாலும் பெருக்குங்கள்: 15 வாட் ஒயரைச் சூடாக்கவே செலவாகிறது. விளக்கு மங்கும்போது ஆம்பியரும் சற்றுக் குறையும் என்றாலும் கணக்கின் போக்கு அதுவே. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும்.

மண்டபம்: ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறதே?

சும்மா இருக்கும் பேட்டரி அப்படித்தான் காட்டும். ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். நீங்கள் மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, அதன் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். அங்கே 2 வோல்ட் காட்டி, 100 ஆம்பியரும் ஓடினால், உப்புக்காற்றில் பச்சை பூத்த அந்த ஒரு இணைப்பில் மட்டும் 0.02 ஓம். 200 வாட் அங்கேயே எரிகிறது, தொட்டால் சுடும். இவ்வளவு சிறிய தடையை மீட்டரின் ஓம் அளவில் பார்க்க முயல வேண்டாம், மீட்டர் ஒயரின் தடையே அதைவிட அதிகம். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றிவிட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உலர்ந்ததும் மாட்டி வாசலின் பூசுங்கள்.

கீழக்கரை: மாலையில் 180 வோல்ட்தான் வருகிறது. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் தாமதமாகச் சூடாவதால் மின்கட்டணம் கூடுமா?

பெரிதாகக் கூடாது அம்மா. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் ஹீட்டரின் தடை 35 ஓம். 180-ஐ 180-ஆல் பெருக்கி அந்த 35-ஆல் வகுத்தால் சுமார் 920 வாட்தான். நேரம் கூடுகிறது, வாட் குறைகிறது. யூனிட் ஏறத்தாழ அதேதான்.

தேவிபட்டினம், மாணவி: 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்கில் 880 ஓம் வருகிறது. மீட்டரில் 65 ஓம்தான். எது சரி?

இரண்டும் சரி. மீட்டர் அளப்பது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டனின் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். குளிர்ந்த இழையின் தடை குறைவு என்பதால் முதல் நொடியில் மின்னோட்டம் அதிகமாகப் பாயும்; ஸ்விட்ச் போட்ட நொடியில் பல்பு ஃபியூஸ் ஆவதற்கும் அந்தப் பாய்ச்சல் ஒரு காரணம்.

தொண்டி, இறால் பண்ணை: தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டார் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கிறது. 1380 வாட்தானே?

மோட்டாருக்கு அப்படியே பெருக்கக்கூடாது அண்ணாச்சி. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாக மாறும் பங்குதான் திறன் காரணி; அது 0.8 என்றால் சுமார் 1100 வாட். தகட்டில் உள்ள 1 எச்.பி., அதாவது 746 வாட், மோட்டாரின் சுழலும் தண்டில் கிடைப்பது. மீதி சூடாகவும் உராய்வாகவும் போகிறது.