ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ரோபோ வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம்தோறும் போய்வருகிறோம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பேசிப் பழக்கும் ரோபோக்களை வீடியோவில் பார்த்தேன். கடன் வாங்கியாவது ஒன்று வாங்கிவிடலாமா? குறைந்த விலையில் கிடைக்குமா?

பதில்: கடன் வேண்டாம் அம்மா. பயிற்சிக்குக் கட்டும் பணத்தை நிறுத்தி அதில் ரோபோ வாங்குவதும் வேண்டவே வேண்டாம். ஆனால் உங்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது.

மனிதர் பேசும்போது கண், புருவம், உதடு, குரல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் அதில் திணறிப்போவார்கள். ரோபோ எத்தனை முறை கேட்டாலும் அதே குரலில், அதே மாதிரி பதில் சொல்லும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2005 முதல் வளர்த்துவரும் காஸ்பர் ரோபோவுக்கு வேண்டுமென்றே பாவனை குறைந்த முகம் வைத்திருக்கிறார்கள். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும், முரட்டுத்தனமாகத் தொட்டால் வலிக்கிறது என்று சொல்லும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் உடனே, “பாரு, அதுக்கு வலிக்குது, மெதுவா தொடு” என்று குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டுவார். பயிற்சியே அந்த இடத்தில்தான் நடக்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 12 குடும்பங்களின் வீட்டில் ஒரு மாதம் ரோபோவை வைத்தார்கள். தினமும் அரை மணி நேர விளையாட்டு. குழந்தை, ரோபோ, கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவர். மற்றவர் பார்க்கும் பொருளைத் தானும் பார்ப்பது போன்ற திறன்களில் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். இதை வைத்து யாராவது ‘உறுதியாகப் பேச வைக்கும்’ என்று விற்றால் நம்பாதீர்கள்.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. மாக்ஸி என்ற ரோபோ அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்றது. அதன் மூளை ரோபோவுக்குள் இல்லை, இன்டர்நெட் வழியே தொடர்புகொள்ளும் நிறுவனத்தின் கணினியில் (சர்வரில்) இருந்தது. 2024 டிசம்பரில் பணமில்லாமல் மூடுகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. நண்பனாக நினைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு, அது இனிப் பேசாது என்பதை எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். மாற்றங்களைத் தாங்க முடியாத குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய இடி! அதனால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடுமா என்பதுதான் கடையில் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அப்புறம், சத்தத்தைக் குறைக்க முடியுமா, உங்கள் குரலைத் தமிழில் பதிவு செய்து போட முடியுமா என்று கேளுங்கள்.

கை, கால், திரை எல்லாம் வேண்டியதில்லை. ஜப்பானில் உருவான கீப்பான் இரண்டு மஞ்சள் உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல இருக்கும். தலையாட்டும், திரும்பும், பக்கவாட்டில் அசையும், குதிக்கும், அவ்வளவுதான். அதோடு ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஆசையாக விளையாடினார்கள்.

எனவே பொத்தானை அழுத்தினால் ஆடும் சாதாரண பொம்மையே போதும், இன்றே தொடங்கலாம். பொம்மையை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஒருமுறை ஆட வைத்து நிறுத்துங்கள். பேசாமல் காத்திருங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஏதாவது சத்தம் எழுப்பினாலோ உடனே “ஆடு!” என்று சொல்லி அழுத்துங்கள். முகத்தைத் திருப்பி வலுக்கட்டாயமாகப் பார்க்க வைக்காதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். காதைப் பொத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சில வாரங்களில் இதில் அவனுக்கு ஆர்வம் தெரிந்தால், தெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு ரோபோவைப் பற்றி யோசிக்கலாம்.

பேச்சுதான் முக்கியக் கவலை என்றால், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். படத்தைத் தொட்டால் குழந்தைக்காக அது பேசும், தமிழிலும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால், மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான அந்தக் காப்பீட்டில் தெரபி செலவுக்கும் இடம் இருக்கிறது.