டான் டேர் முதல் இதழ்: விண்வெளிக் கதையா, போர் விமானிக் கதையா?

கேள்வி: பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் டான் டேர் விண்வெளி வீரர்தானே? அவரை ஏன் போர் விமானிகளோடு ஒப்பிடுகிறார்கள்?

1950 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த, டான் டேர் அறிமுகமான ‘ஈகிள்’ வார இதழின் முதல் இதழைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. ஓவியர் ஃபிராங்க் ஹாம்ப்சன் முன்னாள் ராணுவ வீரர். அவர் வரைந்த விண்வெளிப் படையில் சீருடை, தொப்பி, பதவிப் பெயர், பேச்சுத் தோரணை என எல்லாமே பிரிட்டிஷ் படைகளின் சாயல். டான் டேர் கர்னல். அவருக்கு டிக்பி என்ற ஏவலாள் வேறு! ராக்கெட் மட்டும்தான் புதிது.

கதையின் அடிப்படை இன்னும் சுவாரசியம். பூமியில் உணவுப் பஞ்சம். உணவு தேடி வெள்ளி கிரகத்துக்குக் கப்பல்கள் போகின்றன, ஆனால் தரையிறங்கும் முன்பே அழிகின்றன. பிரிட்டனில் உணவு ரேஷன் 1954 வரை நீடித்தது. அன்றைய சிறுவனுக்கு அந்தப் பஞ்சம் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

இதழின் ஆசிரியர் மார்கஸ் மாரிஸ் ஒரு பாதிரியார். அமெரிக்கத் திகில் காமிக்ஸ்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் டான் டேரையே விண்வெளிப் பாதிரியாராக்கத்தான் திட்டமிட்டார்கள். நல்லவேளை, அதை மாற்றிவிட்டார்கள்.

கதையைவிட வண்ணப் பக்கங்கள்தான் என்னை இன்றும் ஈர்க்கின்றன. ஹாம்ப்சன் குழுவினர் மாதிரிக் கப்பல்கள் செய்துவைத்து, ஆட்களை நிற்கவைத்துப் புகைப்படமெடுத்து, அவற்றைப் பார்த்தே வரைந்தார்கள். நிழல் விழும் திசைகூடப் பிசகாது.