யாருடைய பிள்ளை அங்கே படிக்கிறது?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் மகள் பக்கத்து டவுன் மெட்ரிக் பள்ளியில் யு.கே.ஜி. முடிக்கிறாள். காலை ஏழு மணிக்கே வேன் வந்துவிடும். பாதி நாள் சாப்பிடாமலே ஏறிவிடுகிறாள். கணவருக்கு விசைத்தறியில் வேலை குறைந்துவிட்டது, ஒரு தவணைக் கட்டணம் பாக்கி நிற்கிறது. எங்கள் தெருக்கோடியிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. 41 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். ஒன்றாம் வகுப்புக்கு அங்கே சேர்க்கலாமா என்று பலரிடம் கேட்டேன். கணவரின் அண்ணன், "இங்கிலீஷ் வராது" என்கிறார். எதிர்வீட்டுக்காரர், "டீச்சர் எந்நேரமும் போனைத்தான் பார்க்கிறார்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கின்றன என்று தெரியாதா?" என்று கேட்கிறார். மாமியார், "நம் பேத்தி சோற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டுமா?" என்று அழுகிறார். குழாயடியில் ஒரு பெண் மட்டும், தன் இரண்டு பிள்ளைகளும் அங்கே நன்றாகத்தான் படிக்கிறார்கள் என்றாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஐந்து பேர் பேசுகிறார்கள். அவர்களில் அந்தப் பள்ளிக்குத் தினமும் பிள்ளையை அனுப்புகிறவர் ஒருவர்தான், அந்தக் குழாயடிப் பெண். அவருக்கு நீங்கள் ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். மற்ற நால்வரும் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போய் எத்தனை வருடம் இருக்கும்?

இது உங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அரசுப் பள்ளியைப் பற்றிப் பலமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோருடைய பிள்ளைகள் அங்கே படிப்பதில்லை. படிக்கவைக்கிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் தங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டு என்ற எண்ணம் வருவதில்லை. வேறு வழியில்லாமல் அனுப்புகிறோம் என்று ஊர் நினைக்கிறதே என்ற கூச்சம் வேறு. ஆகவே முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் மறுபடியும் போங்கள். "நன்றாகப் படிக்கிறார்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த டீச்சர் எந்த வகுப்பைப் பார்க்கிறார், ஒருவர் விடுப்பு எடுத்தால் அன்று என்ன நடக்கும், கழிப்பறையில் தண்ணீர் வருமா, பிள்ளை அடிவாங்கி வந்த நாள் உண்டா, போய்க் கேட்டபோது தலைமையாசிரியை என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் வரும். இரண்டும் உங்களுக்கு வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வியை மட்டும் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். அது பள்ளியைப் பற்றிய கருத்தே இல்லை, சாதியைப் பற்றிய கருத்து. பல ஊர்களில் நல்ல தொடக்கப் பள்ளிகள் காலியானதற்கு ஆசிரியர்கள் ஒரு காரணம் என்றால், இந்தக் கேள்வி இன்னொரு காரணம். யார் பிள்ளை பக்கத்தில் யார் பிள்ளை உட்காருவது என்பதற்காகவே வேன் கட்டணம் கட்டுகிற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் அந்தத் தெருவில் விளையாடும் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டால் அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

அடுத்தது மாமியாரின் அழுகை. அதில் அன்பு இருக்கிறது, அதனால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து உப்புமாவோ கிச்சடியோ வெண்பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். இல்லாதவர்களை மட்டும் பிரித்து நிறுத்தும் வரிசை இல்லை அது. காலையில் எதுவும் சாப்பிடாமல் வேனில் ஏறுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பத்தரை மணிக்கு மேசையில் தலை சாய்த்துவிடும். அதற்குமேல் எப்பேர்ப்பட்ட டீச்சராலும் அதற்குப் பாடம் நடத்த முடியாது. மாமியாரை ஒருநாள் காலை பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று பார்க்கட்டும்.

போன் விஷயத்தில் எதிர்வீட்டுக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் பார்த்தது என்ன என்பது வேறு கேள்வி. இன்று வருகைப் பதிவும், பிள்ளைகளின் மதிப்பீடும், இன்னும் பல புள்ளிவிவரங்களும் கைபேசிச் செயலியில்தான் ஏற்றப்படுகின்றன. சிக்னல் கிடைக்காத ஊரில் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பாடம் நடத்தும் நேரத்தை இது தின்கிறது என்று ஆசிரியர்களே வெகு நாளாகக் குறைசொல்லி வருகிறார்கள். அதே சமயம், வருகைப் பதிவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க, டீச்சர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் அது மன்னிக்க முடியாதது. எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நடுவாரத்தில் ஒரு நாள் பதினொரு மணிவாக்கில் போய்ப் பார்ப்பதுதான். சேர்க்கை விசாரிக்க வந்தேன் என்று சொன்னால் எந்தத் தலைமையாசிரியையும் உட்காரச் சொல்வார். உங்கள் ஊரில் 41 பிள்ளைகள்தான். புதிதாக ஒரு பிள்ளை வருகிறதென்றால் அவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அங்கே போனதும் சுவர் ஓவியத்தையும் புது டைல்ஸையும் பார்த்து மயங்காதீர்கள். உடைந்த ஜன்னலைப் பார்த்து மனம் விடவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பான எழுத்தைச் சுழித்துப் பக்கத்தில் சரியாக எழுதிக்காட்டியிருக்கிறார்களா? சுழித்த சொல்லை அடுத்த பக்கத்தில் பிள்ளை சரியாக எழுதியிருக்கிறதா? போன வாரத்துக்குப் பிறகு தேதியே இல்லாமல் நிற்கிறதா? பத்துப் பக்கம் போதும், அந்த வகுப்பறையின் வருடம் முழுவதும் தெரிந்துவிடும்.

பிறகு அந்தப் பிள்ளையை ஒரு சிறு கதையை வாசிக்கச் சொல்லுங்கள். நாடு முழுவதும் கிராமங்களில் 2005 முதல் நடந்துவரும் ஏசர் ஆய்வு செய்வதும் இதைத்தான். வீடு வீடாகப் போய் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று படிப்படியாக வாசிக்கவைத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்கு மதிப்பெண் பட்டியல் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இரண்டாம் வகுப்புக் கதையைத் தட்டுத்தடுமாறியாவது வாசித்து, என்ன நடந்தது என்று தங்கள் சொந்த வார்த்தையில் சொன்னால், அந்தப் பள்ளியில் பாடம் நடக்கிறது என்று பொருள். அப்படியே உங்கள் மகள் படிக்கும் மெட்ரிக் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உங்கள் தெருவில் இருந்தால் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலேயே கேளுங்கள், ஆனால் கதையின் பொருளையும் கேளுங்கள். பாட்டாக ஒப்பிப்பது ஒன்று, வாசித்துப் புரிந்துகொள்வது வேறு.

கணவரின் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு டீச்சர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் ஆங்கிலப் பேச்சு அவ்வளவாக வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆசிரியர். ஊரெல்லாம் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆசிரியர் போதவில்லை என்று பேசுவதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல டீச்சர் கையில் இது சிறிய பள்ளிக்குப் பொருத்தமான முறை. டீச்சருக்கு மனமில்லை என்றால் மூன்று வகுப்பும் ஒரே இரைச்சலாகிவிடும். நீங்கள் போகும் நாளில் இதையும் கவனியுங்கள்.

ஆனால் தனியார் பள்ளியில் சேர்த்தாலே படிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. ஆந்திராவில் 2008 முதல் நான்கு ஆண்டுகள், கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கிராமப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குலுக்கலில் பெயர் வந்து தனியார் பள்ளிக்குப் போனவர்களும், வராமல் அரசுப் பள்ளியிலேயே இருந்தவர்களும் தெலுங்கிலும் கணக்கிலும் கடைசியில் ஒரே அளவில்தான் நின்றார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் இந்தியில் முன்னே இருந்தார்கள், ஏனென்றால் அங்கே அதற்கு நேரம் ஒதுக்கினார்கள். அந்தப் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு அரசு செய்வதைவிட மிகவும் குறைவு என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. அது அவர்களுக்கு நல்ல பெயர்தான். உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு. கடன் வாங்கிக் கட்டணம் கட்டினால் தாய்மொழியும் கணக்கும் அதிகம் வரும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆங்கில வழி, தமிழ் வழி இரண்டும் இருந்தால் தமிழ் வழியையே கேளுங்கள். இரண்டையும் நடத்துவது அதே இரண்டு டீச்சர்கள்தான். ஆங்கில வழி பெயரளவில் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீட்டையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கில் வருவது. அதை வைத்து இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை.

சேர்த்த பிறகு ஒதுங்கி நிற்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பெண்பிள்ளைகளின் கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கும். கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து, "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருந்தது. சுத்தம் செய்ய ஆள் இல்லை என்று பூட்டிவைத்திருந்தார்கள். அன்றே தீர்மானம் எழுதி, ஊராட்சியிலிருந்து காலையில் ஆள் வர ஏற்பாடாயிற்று. சாவி அதற்குப் பிறகு கதவிலேயே தொங்கியது. தன் பிள்ளை அங்கே படிக்கிற ஒருவரால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து என் கருத்தைக் கேட்டால், போய்ப் பாருங்கள். நோட்டும் வாசிப்பும் சுமாராக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். வேனில் போகும் நேரத்தில் தினம் அரை மணி நேரம் நீங்கள் மடியில் வைத்துக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வாசிக்க வரவில்லை, நோட்டில் மாதக்கணக்காகத் திருத்தமே இல்லை என்றால் மட்டும் சேர்க்காதீர்கள். நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடிய அடுத்த ஊர் அரசுப் பள்ளியைப் பாருங்கள், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகாரும் கொடுங்கள்.

கட்டணப் பாக்கிக்காக மெட்ரிக் பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர மறுக்குமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள். அது கிடைக்கத் தாமதமானாலும் வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாக்கித் தொகையைக் கணவருக்கு வேலை வந்ததும் சிறிது சிறிதாகக் கட்டிவிடுங்கள். அதற்காக ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கூட மகள் வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டாம்.